சுனையோரத்துத் தெய்வங்கள் – 3: பொசெனோ வயலில் ஒரு சுடர்

அந்த வயலில் ஓர் இடம் வந்ததும் ஏர் மாடுகள் நின்றுவிடும். அடித்தாலும் அதட்டினாலும் நகராது. மீறி ஓட்டினால் கலப்பை உடையும். அதே இடத்தை மண்வெட்டியால் கொத்தினால் ஒரு தடையும் இல்லை. பயிரும் நன்றாகவே வரும். புதிதாக ஏர் பிடிக்கும் பையன்களிடம், கோயில் இருந்த இடத்தில் பார்த்து ஓட்டு என்று பெரியவர்கள் சொல்லி அனுப்புவார்களாம்.

கோயில் என்று ஒன்று அன்று அங்கே இல்லை. இருந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்தவரின் பேரனுக்குப் பேரன்கூட இல்லை.

வயலின் பெயர் பொசெனோ. இருப்பது பிரிட்டனியில். ஆங்கிலேயரின் பிரிட்டன் அல்ல. பிரான்சின் மேற்குக் கோடியில் அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம். 1532-ல் பிரெஞ்சு முடியரசோடு சட்டப்படி சேர்க்கப்பட்ட நாடு. சேர்ந்து நூறு ஆண்டு ஆகப்போகிற நிலையிலும் நாட்டுப்புறத்து விவசாயிக்குப் பிரெஞ்சு தெரியாது. அவன் பேசியது பிரெட்டன் மொழி. அந்த மொழியில் வயல் இருந்த சிற்றூருக்குக் கெரான்னா என்று பெயர், அதாவது அன்னாவின் ஊர். அன்னா என்பவர் மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி. தமிழ்க் கத்தோலிக்கர் அன்னம்மாள் என்று கும்பிடும் அதே புனிதை. ஊர் அவர் பெயரில் இருக்கிறது. ஊரில் அவருக்கு அப்போது ஒரு மாடம்கூட இல்லை. பொசெனோவை அடுத்து ஒரு சுனை மட்டும் இருந்தது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் சுனை.

அந்த வயலை உழுதவர் இவ் நிக்கோலாசிக். 1591-ல் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் நல்ல பெயர். வழக்கு வம்பு என்றால் இவரைத்தான் மத்தியஸ்தத்துக்குக் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் ஜெபமாலை. மனைவி கியமெத். கல்யாணமாகி வருடக்கணக்காகியும் குழந்தை இல்லை. அன்னம்மாளைத் தன் எஜமானி என்றே சொல்லிக்கொள்வார்.

1623 ஆகஸ்ட் மாதத்து ஓர் இரவில் அவருடைய அறை திடீரென்று வெளிச்சமானது. வெளிச்சத்தின் நடுவே ஒரு கை. கையில் எரியும் மெழுகுவத்தி. கைக்குரிய ஆள் இல்லை. எவ்வளவு நேரம் தெரிந்தது என்று பின்னால் கேட்டபோது, பரலோக மந்திரம் இரண்டும் அருள்நிறை மந்திரம் இரண்டும் சொல்லி முடிக்கிற நேரம் என்றார். கடிகாரம் இல்லாதவனின் கணக்கு அது.

சில வாரங்கள் போயின. பொழுது சாய்ந்தபின் சுனைப் பக்கமாக மாடுகளைத் தேடிப் போனார். மைத்துனர் ழான் லெ ரூவும் தன் வழியே அங்கு வந்தார். தண்ணீர் காட்டப் போன இடத்தில் மாடுகள் மிரண்டு நின்றன. சுனையைப் பார்த்தபடி வெள்ளை உடுத்திய ஒரு பெண்மணி நிற்கிறாள். அவள் கையில் அதே மெழுகுவத்தி.

மைத்துனர்கள் இருவரும் ஓட்டம் பிடித்தார்கள். சற்றுத் தூரம் போய்த் தைரியம் வந்து திரும்பினார்கள். யாரும் இல்லை.

அந்த உருவம் ஏன் சுனையடியில் வந்து நின்றது? கெரான்னாவாசிகளுக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. நமக்குத்தான் விளக்கம் வேண்டும்.

●

பிரிட்டனியில் சுனைக்குப் பிறகுதான் கோயில். கிறிஸ்தவம் வருமுன்பே ஊற்றுகளுக்குக் காணிக்கை போடும் பழக்கம் இந்த மண்ணில் ஊறியிருந்தது. 567-ல் தூர் நகரில் கூடிய ஆயர்கள், கல்லையும் மரத்தையும் ஊற்றையும் தொழுவோரைக் கண்டித்தார்கள். 789-ல் மன்னர் சார்லமேன் அதே கண்டனத்தைத் தன் ஆணையில் மறுபடி சேர்த்தார். இருநூறு வருடம் கழித்து அதே தடையைத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்றால், முதல் தடையை யார் மதித்தார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம்.

கடைசியில் திருச்சபை வேறு வழி பிடித்தது. ஊற்றை மூடுவதை விட்டுவிட்டு அதற்கு ஒரு புனிதரின் பெயரைச் சூட்டியது. தண்ணீர் பொங்கும் இடத்தில் கருங்கல் மாடம், மாடத்துக்குள் புனிதரின் சிலை, பக்கத்தில் சிற்றாலயம், வருடத்தில் ஒருநாள் 'பர்தோன்' என்கிற திருவிழா. பாவமன்னிப்பு, சுற்றுப்பிரகாரம், சந்தை, ஆட்டம் எல்லாம் அந்த ஒரே நாளில் அடக்கம். இன்றும் பிரிட்டனிக் கிராமங்களில் நடந்தால் சிற்றாலயத்துக்குக் கீழே சரிவில் ஒரு சுனையைப் பார்க்கலாம்.

ஒவ்வொரு சுனைக்கும் ஒரு வைத்தியம் உண்டு. ஒன்று கண்ணுக்கு, ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று நடை வராத பிள்ளைக்கு. சென்-ழான்-து-துவா என்ற ஊரில் திருமுழுக்கு யோவானின் விரல் எலும்பு என்று ஒரு திருப்பண்டம் இருக்கிறது. அது தொட்ட தண்ணீரால் கண்ணைக் கழுவுவார்கள். பிரான்சுக்கு இரண்டு முறை அரசியான பிரிட்டனிச் சீமாட்டி ஆன் 1505-ல் அங்கே போனதும் கண் நோய்க்காகத்தான். பாம்போன் காட்டிலுள்ள பாரன்தோன் சுனைக்கு வேறு வேலை. அதன் தண்ணீரை அள்ளிப் பக்கத்துக் கல்லில் தெளித்தால் மழை வரும் என்பது நம்பிக்கை.

குறி கேட்கவும் சுனைதான். கன்னிப்பெண்கள் குண்டூசியைத் தண்ணீரில் போடுவார்கள். மிதந்தால் வருடத்துக்குள் கல்யாணம். நோயாளிக் குழந்தையின் சட்டையைப் போடுவார்கள்; அது மிதப்பதையும் அமிழ்வதையும் வைத்துப் பிழைக்குமா, பிழைக்காதா என்று தாய் தெரிந்துகொள்வாள். நிக்கோலாசிக் காலத்தில் பிரிட்டனியெங்கும் அலைந்து, படம் வரைந்த தோல்களைக் காட்டி வேதம் போதித்தவர் மிஷேல் லெ நோப்ளெட்ஸ் என்ற குரு. அவருடைய வரலாற்றில் ஒரு செய்தி வருகிறது. வருடப் பிறப்பன்று வீட்டில் எத்தனை பேரோ அத்தனை ரொட்டித் துண்டுகளில் வெண்ணெய் தடவி ஊர்ச் சுனையில் விடுவார்களாம். துண்டு மிதக்கும் விதத்தைப் பார்த்து அந்த வருடம் சாகப்போவது யார் என்று முடிவு கட்டுவார்களாம். நோப்ளெட்ஸ் போன்றவர்களுக்கு இதெல்லாம் பேயின் வேலை. ஒரு பக்கம் இந்த அஞ்ஞானம், மறுபக்கம் புனிதர் வணக்கத்தையே கேலி செய்யும் புராட்டஸ்டன்டுகள். இரண்டுக்கும் நடுவே படித்த குருமார்கள் சுனை, சிலை, தரிசனம் என்ற சொற்களைக் கேட்டாலே முகம் சுளித்தார்கள்.

அன்னம்மாளுக்கும் இந்த மண்ணில் ஒரு கதை உண்டு. அவர் பிரிட்டனிச் சீமாட்டியாம். கொடுமைக்காரக் கணவனுக்குத் தப்பித் தேவதூதர் செலுத்திய கப்பலில் யூதேயாவுக்குப் போய் மரியாளைப் பெற்றாராம். வயதான பிறகு ஊர் திரும்ப, பேரன் இயேசு பாட்டியைப் பார்க்கப் பிரிட்டனிக்கு வந்தாராம். பாட்டி கேட்ட வரத்துக்காகப் பலூ கடற்கரையில் ஓர் ஊற்றைத் திறந்துவிட்டுப் போனாராம். எந்த வேதநூலிலும் இது இல்லை. ஆனாலும் மேற்குக் கரையில் சென்-ஆன்-லா-பலூ என்ற தலத்தில் அந்தச் சுனைக்கு இன்றும் கூட்டம் வருகிறது.

ஆகவே கெரான்னாவின் மாட்டுச் சுனைக்குப் பக்கத்தில் வெள்ளை உடையில் ஒருத்தி நின்றதில் ஊராருக்கு வியப்பு இருந்திருக்காது. அவள் யார் என்பதுதான் தெரியவேண்டும். அவளோ பதினொரு மாதம் வாய் திறக்கவில்லை.

●

1624 ஜூலை 25. அன்னம்மாள் திருநாளுக்கு முந்தின நாள். ஓரே என்ற துறைமுக நகருக்குப் போன நிக்கோலாசிக் இருட்டிய பின் திரும்பினார். வழியில் ஒரு கற்சிலுவை. அங்கே அவள் நின்றாள். தரையில் கால் பாவாமல், கையில் சுடரோடு, ஊர்வரை கூடவே வந்தாள். பேச்சில்லை.

வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. களஞ்சியத்தில் அடித்து வைத்த தானியத்துக்குக் காவலாக வைக்கோலில் போய்ப் படுத்தார். அந்தக் களஞ்சியமே பொசெனோ வயலில் பெயர்த்தெடுத்த பழங்கற்களால் கட்டப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நள்ளிரவை ஒட்டிப் பெருங்கூட்டம் நடந்துவரும் ஓசை கேட்டது. வெளியே வந்து பார்த்தால் ஆளரவம் இல்லை. உள்ளே திரும்பியதும் வெளிச்சம், அவள், முதன்முதலாகக் குரல். பேசியது அவருக்குத் தெரிந்த ஒரே மொழியான பிரெட்டனில். பயப்படாதே, நான் மரியாளின் தாய் அன்னா என்றாள். ஊர் என்று ஒன்று உண்டாகும் முன்பே பொசெனோவில் தன் பெயரில் ஆலயம் இருந்ததாகவும், நாட்டில் அதுவே தனக்கு முதல் ஆலயம் என்றும் சொன்னாள். அது அழிந்து 924 வருடமும் ஆறு மாதமும் ஆகின்றன. அதை மறுபடி கட்ட வேண்டும். அந்தப் பொறுப்பு உன்னுடையது. போய்ப் பங்குச் சாமியாரிடம் சொல் என்றாள்.

அந்த 924 வருடக் கணக்கு என்னை யோசிக்க வைக்கிறது. எழுத்தறிவில்லாத விவசாயி ஏறத்தாழ கி.பி. 700-ஐத் தொடும் ஒரு கணக்கை ஆறு மாதத் துல்லியத்தோடு சொல்கிறார். அந்தக் காலத்தில் அங்கே ஓர் ஆலயம் இருந்ததற்கோ அழிந்ததற்கோ ஏடு எதுவும் கிடையாது. ஊர்ப் பெயரும் வயலில் கிடைத்த கற்களும் மாடு நிற்கும் கதையும் மட்டுமே சாட்சி. இந்த விவரங்களை நமக்குத் தருபவர்களும் பிற்காலத்தில் அந்தத் தலத்தை நிர்வகித்த கார்மேல் துறவிகள்தான். தங்கள் கோயிலின் தலபுராணத்தைத் தாங்களே எழுதியவர்கள். வாசகர் அதையும் மனதில் வைத்தே படிக்கவேண்டும். ஆனால் அவர்களுக்கு முன்னால், வயலில் நடந்த கடைசிச் சம்பவத்துக்கு ஒரு வாரத்துக்குள், அவர்கள் சபையைச் சேராதவராக நின்று குறுக்கு விசாரணை செய்து எழுதிய ஒருவர் உண்டு. அவர் சற்று நேரத்தில் வருவார்.

●

நிக்கோலாசிக் உடனே போய்ச் சொல்லவில்லை. வாரக்கணக்கில் வாய் மூடிக் கிடந்தார். அவள் திரும்பத் திரும்ப வந்து தைரியம் சொன்ன பிறகே கெரான்னா அடங்கிய ப்ளூனெரே பங்கின் சாமியார் சில்வெஸ்தர் ரோதுயேயிடம் போனார்.

சாமியார் கேட்டுவிட்டுச் சீறினார். உனக்குச் சித்தம் கலங்கிவிட்டது, இல்லாவிட்டால் பிசாசு உன்னை ஏய்க்கிறது. வீட்டு வேலையைப் பார். உதவிக் குரு தோமினெக்கும் அதையே சொன்னார். தொடர்ந்து இப்படியே பேசித் திரிந்தால் தேவதிரவிய அனுமானங்கள் கிடையாது என்ற மிரட்டலும் வந்தது. ஒரு 17-ஆம் நூற்றாண்டு விவசாயிக்கு இது சாதாரண மிரட்டல் அல்ல. நற்கருணை இல்லை, கிறிஸ்தவ அடக்கம் இல்லை என்று அர்த்தம்.

ரோதுயேயைக் கதையின் வில்லனாக்கிவிடுவது சுலபம். எனக்கு அவர்மேல் அனுதாபம் உண்டு. அவருடைய இடத்தில் இருந்த எந்தப் பொறுப்பான குருவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

சாமியார் கைவிட்டாலும் அக்கம்பக்கத்துப் பிரபுக்கள் கைவிடவில்லை. பொசெனோ நிலத்துக்குச் சொந்தக்காரர் கெர்லோகென் பிரபு. ஆலயம் கட்டுவதானால் இடம் தருகிறேன் என்றார். கெர்மாதியோ பிரபு இன்னும் உபயோகமான யோசனை சொன்னார்: தனியாகப் பார்த்தேன் என்றால் யார் நம்புவார்கள்? சாட்சிகளைச் சேர்த்துக்கொள்.

1625 பிறந்தது. அந்த ஜனவரியில் புராட்டஸ்டன்டுத் தளபதி சூபீஸ், ஓரேயிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பிளாவே துறைமுகத்தில் நுழைந்து மன்னரின் கப்பல்களைக் கைப்பற்றினான். கரையோர மக்கள் கதிகலங்கிக் கிடந்த மாதங்கள் அவை. நிக்கோலாசிக்கோ ஓர் அடையாளம் கேட்டு மன்றாடிக்கொண்டிருந்தார். மார்ச் முதல் வாரத்தில் ஒரு காலை, வீட்டு மேசைமேல் யார் வைத்தது என்று தெரியாமல் வெள்ளிக் காசுகள் இருப்பதைக் கியமெத் பார்த்தாள். மார்ச் 7, வெள்ளிக்கிழமை, இரவு வந்தது.

●

பதினொரு மணி இருக்கும். ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தவர் முன் சுடர் வந்தது. அயலாரைக் கூட்டி வா, சுடர் போகிற இடத்துக்குப் போ என்று கட்டளை. மைத்துனர் லெ ரூவை எழுப்பினார். இன்னும் சில அயலாரையும் எழுப்பினார்கள். அவர்களின் பெயர்கள் ஆவணத்தில் உள்ளன: லூக்கா, லெ ப்ளோயெனெக், தாங்கி, லெசுலீ.

முன்னால் சுடர், பின்னால் தூக்கக் கலக்கத்தில் விவசாயிகள். பொசெனோ வயலுக்குள் போனதும் சுடர் ஓரிடத்தில் நின்றது. மூன்று முறை மேலே எழும்பி இறங்கி, மண்ணுக்குள் மறைந்தது.

நிக்கோலாசிக் அந்த இடத்தில் காலை ஊன்றி நின்றார். மைத்துனர் கொத்தினார். சில கொத்துகளிலேயே இரும்பு மரத்தில் பட்ட ஓசை. வீட்டுக்கு ஓடி மந்திரித்த மெழுகுவத்தி ஒன்றை எடுத்துவந்து ஏற்றினார்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்தது மூன்றடி அளவிலான ஒரு மரச்சிலை. முனைகள் உளுத்துப் போயிருந்தன. முகம் தேய்ந்திருந்தது. உடை மடிப்புகளில் மட்டும் பழைய சாயம் ஒட்டியிருந்தது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். யாரும் மண்டியிட்டுக் கதறவில்லை. மணி அடிக்க ஓடவில்லை. சிலையை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சிலை யாருடையது? நிக்கோலாசிக்குக்குச் சந்தேகமே இல்லை, அன்னம்மாள்தான். பின்னாளில் வந்த ஆய்வாளர்கள் சிலருக்கு வேறு எண்ணம். ரோமர் ஆட்சிக் காலத்தில் இந்தப் பகுதியில் குழந்தைக்குப் பாலூட்டும் தாய்த்தெய்வத்தின் சுடுமண் பொம்மைகள் ஏராளம் புழங்கின. அகழ்வுகளில் இன்றும் கிடைக்கின்றன. சுனையடியில் குடியிருந்த அப்படி ஒரு தாய்த்தெய்வம்தான் மண்ணிலிருந்து எழுந்து அன்னம்மாள் ஆகிவிட்டது என்று அவர்கள் வாதிட்டார்கள். கெல்டியத் தொன்மங்களின் அனா என்ற தெய்வத்தையும் துணைக்கு இழுத்தார்கள். அந்தப் பெயர்ப் பொருத்தம் வெறும் ஊகம். தாய்த்தெய்வ வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. ஆனால் நிரூபிக்கவும் வழியில்லை. ஓரேயின் கப்புசின் துறவிகள் சில மாதங்களிலேயே சிலையைச் செதுக்கிச் சீர்செய்து வண்ணம் பூசிவிட்டார்கள். அதன் பிறகு பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சிலையே தீக்கிரையானது. முகத்தின் ஒரு துண்டு மட்டும் எப்படியோ தப்பியது. அந்தக் கதை இந்தத் தொடரில் தனியே வரும்.

●

சிலையோடு செய்தியும் மண்ணிலிருந்து கிளம்பிவிட்டது. மூன்று நாளில் தொலைவூர்களிலிருந்து ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் முதலில் வயலுக்குப் போனார்கள், அடுத்துச் சுனைக்குப் போனார்கள். குடித்தார்கள், முகம் கழுவினார்கள், சீசாவில் எடுத்துப் போனார்கள். சுனைக்குப் போகும்படி எந்தக் குருவும் சொல்லவில்லை. பிரிட்டனிக்காரனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. சிலைக்குக் கிளைகளால் ஒரு பந்தல் போட்டு, முக்காலிமேல் ஒரு தட்டு வைத்தார்கள். காசு விழுந்தது.

ரோதுயே கொதித்தார். உதவிக் குரு தோமினெக் நேரே வயலுக்கு வந்து சிலையைக் கீழே தள்ளிக் காணிக்கைத் தட்டை உதைத்துச் சிதறடித்தார் என்று தலவரலாறு சொல்கிறது. அதே நாட்களில் நிக்கோலாசிக்கின் களஞ்சியம் தீப்பிடித்து எரிந்தது. பொய் சொன்னவனுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றனர் எதிரிகள். கோயில் கல்லைக் களஞ்சியத்துக்கு வைத்தால் எரியாமல் என்ன செய்யும் என்றனர் ஆதரவாளர்கள்.

வான் நகரில் இருந்த ஆயர் செபாஸ்தியான் த ரோஸ்மாதெக் இனியும் சும்மா இருக்க முடியாது. மார்ச் 12 அன்று மோரெயாக் பங்கின் குரு ஜாக் புல்லியோன் விசாரணை அதிகாரியாக ப்ளூனெரே வந்து சேர்ந்தார். நான் முன்பே சொன்ன ஆள் இவர்தான். சிலை கிடைத்து ஐந்தே நாள். நிக்கோலாசிக்கை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார், சொன்னதை எழுதிக்கொண்டார். எவ்வளவு துருவியும் விவசாயியின் பேச்சு மாறவில்லை. ஆயர் அதோடு விடவில்லை. ஆளைத் தன்னிடமே வரவழைத்தார். பிறகு கப்புசின் துறவிகளிடம் ஒப்படைத்து மறுபடி துருவச் சொன்னார்.

விசாரணை நடந்துகொண்டிருக்க, கெரான்னாவில் இன்னொன்றும் நடந்தது என்கிறது தலவரலாறு. கைகள் இரண்டும் முடங்கிப்போன ஒருவர், பகலில் வரத் துணியாமல், இருட்டிய பின் சுனைக்கு வந்து நின்றார். மறுநாள் இரவும் வந்தார். இப்படியே ஒன்பது இரவு. ஒன்பதாம் இரவில் கைகளைத் தண்ணீரில் கழுவினார்.

வந்தவர் யார்? தோமினெக் என்று நினைத்தீர்களானால் தவறு. விடை அடுத்த இதழில்.

(தொடரும்)